குற்றப் பதிவும் சட்டத்தின் மறதியும்: ஐக்கிய அமெரிக்க மாநிலச் சட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் குற்றம் புரிந்தோரை எவ்வாறு தண்டித்தது என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் தண்டனை முடிந்த பின்னர் அக்குற்றத்தை அச்சமுதாயம் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தது, எக்கருவி கொண்டு வைத்திருந்தது, எப்பொழுது அதனை மறக்க உடன்பட்டது என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெற்றனவாகத் தெரியவில்லை. சிறையிலிருந்து வெளிவந்த ஒருவனுக்குச் சிறைவாசத்திலும் நீண்டதாய் அமைவது அவன் பெயரிலுள்ள பதிவேயாகும். அப்பதிவை அழிக்கவோ மூடி முத்திரையிடவோ ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயற்றிவந்த சட்டங்களின் கதையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அங்கு குற்றவியற் சட்டத்தின் பெரும்பகுதி மாநிலங்களின் கையிலுள்ளது. ஆகவே மறக்கும் அதிகாரமும் பெரும்பாலும் மாநிலங்களுக்கே உரியதாயிற்று.

எழுத்துப் பதிவு பரவலாவதற்கு முன்னர் உடலே பதிவேடாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டு மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் வீடுடைத்துத் திருடியவனின் நெற்றியில் அக்குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைச் சூட்டுக்கோலால் பொறிக்கும்படி சட்டம் விதித்தது. அந்த எழுத்தை எந்த நீதிமன்றமும் பின்னர் அழித்துக் கொடுக்க முடியாது. அத்தகைய தண்டனைகள் வழக்கொழிந்த காலத்தில், சூடுபடாத குற்றவாளி ஒருவனுக்கு ஒரு வசதி கிட்டிற்று. மேற்குத் திசை நோக்கி நூறு மைல் சென்று புதிய பெயரொன்றைச் சொல்லிக்கொண்டால், அவனை அறிந்தார் எவரும் இலர். அக்காலத்து மறதி சட்டத்தாலன்றித் தூரத்தால் நிகழ்ந்தது எனலாம்.

இத்தூரத்தைச் சுருக்கியவை புதிய அடையாளக் கலைகள். 1880களில் பாரிசில் அல்போன்ஸ் பெர்த்தியோன் வகுத்த உடலளவை முறை 1887இல் அமெரிக்கச் சிறைகளை எட்டியது. கை, கால், தலை ஆகியவற்றின் அளவுகளை அட்டையிற் பதிந்து வைத்தால், பெயர் மாறினும் ஆள் மாறமாட்டான் என்பதே அதன் அடிப்படை. அதனை வென்ற கைவிரல் அடையாள முறை நமது பிராந்தியத்திலேயே உருப்பெற்றது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வங்காளப் பொலிஸ் தலைமையதிபர் எட்வேட் ஹென்றியின் பெயரால் உலகம் அறிந்த அந்த வகைப்படுத்தல் முறையை உருவாக்குவதில் அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள் பெரும்பங்கு கொண்டனர். 1897இல் கல்கத்தாவில் கைவிரல் அடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. 1901இல் இலண்டன் பொலிசார் அம்முறையை ஏற்றனர். 1903இல் நியூயோர்க் மாநிலச் சிறைகள் கைவிரல் அடையாளம் எடுக்கலாயின. குடியேற்ற ஆட்சி தான் ஐயுற்ற மக்களைக் கண்காணிக்கத் தேடிய கருவி, கடல் கடந்து சென்று சுதந்திர நாடொன்றின் குடிமக்களுக்கும் அழியாத நெற்றியெழுத்தாயிற்று. 1924இல் வாஷிங்டனில் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் அடையாளப் பிரிவு தொடங்கியபோது, பல இடங்களிலிருந்து திரட்டப்பட்ட 8 இலட்சத்துக்கு மேற்பட்ட கைவிரல் அட்டைகள் அதன் கையில் இருந்தன. மேற்கே சென்று மறைவதற்கு இனி இடமில்லை.

இவ்வாறு அரசு நினைவாற்றலைப் பெருக்கிக்கொண்ட அதே ஆண்டுகளில்தான் சட்டம் மறக்கவும் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை தற்செயலன்று என்பது எமது கருத்து. அதுவரை இருந்த ஒரே பரிகாரம் ஆளுநரின் மன்னிப்பு. அது தண்டனையை நீக்கும், வாக்குரிமை முதலியவற்றை மீட்டுத் தரும். ஆனால் பதிவு பதிவாகவே இருக்கும். மன்னிக்கப்பட்டவன் என்பதும் ஒருவகையில் குற்றவாளி என்பதன் மறுபெயரே. வேறொரு வழியைத் திறந்தது நன்னடத்தைக் கண்காணிப்பு முறை. 1841இல் பொஸ்ரன் நகரிற் சப்பாத்துத் தைக்கும் தொழில் புரிந்த ஜோன் ஒகஸ்ரஸ் என்பவர், நீதிமன்றில் நின்ற குடிகாரன் ஒருவனுக்குத் தாமே பிணைநின்று அவனைத் திருத்திக் காட்டியதிலிருந்து அம்முறையின் வரலாறு தொடங்குகின்றது. சிறைக்கு அனுப்பாது கண்காணிப்பில் விடப்பட்டவன் தவணை முடியும்வரை ஒழுங்காக நடந்துகொண்டால் அவனுக்கு என்ன கைம்மாறு என்னும் வினாவுக்குக் கலிபோர்னியா 1909இல் ஒரு விடை தந்தது: அவன் தன் குற்ற ஒப்புதலை மீளப் பெறலாம், நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யும். 1935இல் இவ்விதி தண்டனைச் சட்டக்கோவையில் 1203.4 என்னும் தனிப்பிரிவாயிற்று.

அப்பிரிவின் வாசகத்தை நம்பி, குற்றத்தால் விளைந்த எல்லாத் தகைமையீனங்களும் நீங்கிவிட்டன என்று எண்ணியோர் ஏமாந்தனர். பொதுப் பதவிக்கோ மாநிலம் வழங்கும் தொழில் அனுமதிப் பத்திரத்துக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய குற்றத்தீர்ப்பைச் சொல்லியே ஆகவேண்டும். மீண்டும் ஒரு வழக்கில் அகப்பட்டால் அத்தீர்ப்பு முற்குற்றமாக எழுந்து நிற்கும். கோவை மூடப்படவுமில்லை, அதன்மேல் மற்றுமொரு தாள் சேர்ந்தது, அவ்வளவே.

அதே மாநிலத்தில் நிகழ்ந்த வேறொரு வழக்கு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. முன்னர் பரத்தைமைத் தொழிலில் இருந்த பெண்ணொருத்தி கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 1918இல் விடுதலை பெற்றாள். பின்னர் மணம் புரிந்து, பழைய வாழ்வை அறியாத அயலார் நடுவே மதிப்புடன் வாழ்ந்தாள். 1925இல் அவளது வாழ்க்கையை அவளது கன்னிப் பெயருடனேயே ஒரு பேசாப்படமாக எடுத்து வெளியிட்டனர். அயலாரும் நண்பரும் அவளைக் கைவிட்டனர். 1931இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நுட்பமானது. வழக்கேட்டிலுள்ள நிகழ்ச்சிகள் யாவர்க்கும் பொது. அவற்றைப் படமாக்கியது தவறன்று. ஆயின் திருந்தி வாழும் ஒருத்தியின் உண்மைப் பெயரை அவற்றோடு பிணைத்து விளம்பரம் செய்தமை, இன்பத்தை நாடும் அவளது அரசியலமைப்பு உரிமையை மீறியதாகும் என்றது. பின்னர் இயற்றப்பட்ட முத்திரையிடற் சட்டங்கள் பலவும் நிகழ்ச்சியை அழிக்காது, நிகழ்ச்சிக்கும் பெயருக்கும் இடையிலுள்ள முடிச்சையே அவிழ்க்க முயன்றன. அம்முடிச்சைத் தனித்துக் காட்டியது இத்தீர்ப்பு எனலாம்.

சிறுவர் விடயத்தில் உடன்பாடு எளிதாயிற்று. 1899இல் இலினோய் மாநிலத்தின் குக் மாவட்டத்தில் முதலாவது சிறுவர் நீதிமன்றம் தோன்றிய பின்னர், இளமைத் தவறு முதுமைவரை தொடரலாகாது என்னும் எண்ணம் வேரூன்றியது. 1950இன் சமஷ்டி இளைஞர் திருத்தச் சட்டம் இளங்குற்றவாளியின் தீர்ப்பை ஒதுக்கிவைக்க இடமளித்தது. ஒதுக்கிவைத்தல் என்றால் அழித்தலா, அன்றிக் குறிப்பொன்று எழுதுதல் மட்டுமா என்பதில் நீதிமன்றங்கள் முரண்பட்டன. அம்முரண்பாடு முற்றாகத் தீருமுன் 1984இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

வளர்ந்தோர் விடயத்திலோ ஓர் அறநெறிச் சிக்கல் எழுந்தது. அமெரிக்கச் சட்ட நிறுவகம் 1962இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டக்கோவை, நல்லொழுக்கம் காட்டியவரின் குற்றத்தீர்ப்பை நீதிமன்றம் வறிதாக்கலாம் என்றது. ஆனால் அக்கட்டளையைப் பெற்றவர், தாம் ஒருபோதும் குற்றவாளியாகக் காணப்படவில்லை என்று கூறுவதற்கு அது நியாயமாகாது, அவ்வாறு கூறின் கட்டளையையும் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நிபந்தனை இட்டது. இதற்கு நேர்மாறாகச் சில மாநிலச் சட்டங்கள், பதிவு மூடப்பட்டவர் 'இல்லை' என்று விடையளிக்க வெளிப்படையாகவே உரிமை வழங்கின. 1970இல் கோகன், லோஹரி என்னும் இருவர் குற்றவியற் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரை இதனைப் 'பெரும் பொய்' என்றே பெயரிட்டு அழைத்தது. குற்றவாளியைப் பொய் சொல்லப் பழக்குவதிலும், அவனைப் புறக்கணிக்கும் சமுதாயத்தைத் திருத்துவதே முறை என்பது அன்னோர் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வரலாறு பயிலும் மாணவன் ஒருவனுக்கு 'நடந்தது நடக்கவில்லை' என்னும் சட்டப் புனைவு இயல்பாகவே கசக்கும். எனினும் தொழில்தருநர் கேட்கும் வினா வரலாற்று வினாவன்று என்பதையும் கருதவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்று அறியும் ஆர்வத்தால் அவர் வினவவில்லை. இவனை விலக்கலாமா என்று அறியவே வினவுகிறார். சமுதாயம் திருந்தும்வரை காத்திருக்குமாறு ஒரு வேளைச் சோற்றுக்கு வழியற்றவனிடம் சொல்லுதல் எளிது. சொல்பவருக்குத் தொழில் இருக்கும்போது இன்னும் எளிது.

இவ்விவாதம் நடைபெற்றுக்கொண்டிருக்கையிலேயே நிலைமை கைமீறிச் சென்றது. 1967இல் தேசிய குற்றத்தகவல் நிலையம் கணனியுடன் இயங்கத் தொடங்கியது. 1972இல் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரப் பொலிசார், கடைகளில் திருடுவோர் எனச் சிலரின் படங்களை அச்சிட்டு வணிகர்களுக்கு வழங்கினர். அவர்களுள் ஒருவர் குற்றவாளியாகக் காணப்படாதவர். அவர் மீதான வழக்கு பின்னர் தள்ளுபடியாயிற்று. நற்பெயர் மட்டும் அரசியலமைப்பு காக்கும் உரிமையன்று என்று 1976இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் அவர் முறைப்பாட்டை நிராகரித்தது. மேலும், 1931இன் தீர்ப்பு வகுத்த வழியும் அடைபட்டது. லொறி கடத்திய பழங்குற்றமொன்றைப் பதினொரு ஆண்டுகளின் பின் ரீடர்ஸ் டைஜஸ்ட் சஞ்சிகை பெயருடன் எழுதியதால், அதனை அதுவரை அறியாதிருந்த தன் மகளின் முன் தலைகுனிந்த ஒருவருக்கு 1971இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் வழக்குரிமை அளித்தது. அதே நீதிமன்றம் 2004இல் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய சமஷ்டித் தீர்ப்புகள் அதற்கு வேறு வழி வைக்கவில்லை.

தகவல் விற்பனையும் ஒரு தொழிலாயிற்று. நம்பகத் தகவல் அறிக்கைகள் பற்றிய 1970ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம், ஏழாண்டுகளுக்கு மேற்பட்ட குற்றத்தீர்ப்புகளைத் தனியார் நிறுவனங்கள் பொதுவாகத் தெரிவிக்கலாகாது என்று கூறியது. 1998இன் ஒரு திருத்தம் அந்த எல்லையை நீக்கியது. ஒரு சில சொற்களில் நிறைவேறிய அத்திருத்தம், தீர்ப்பளித்த நீதிபதி எவரும் விதிக்காத ஓர் ஆயுட்காலத் தண்டனையை எத்தனை பேருக்கு விதித்தது என்று சிந்தித்தல் தகும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போதைப்பொருட் சட்டங்கள் கடுமையாகிச் சிறைகள் நிறைந்திருந்தன; 2001இன் பின்னர் பின்னணிச் சோதனை எளிய தொழிலுக்கும் வழமையாயிற்று. இன்று அந்நாட்டில் ஏதோவொரு வகைக் குற்றப் பதிவுடையோர் 7 கோடிக்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றது. வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர். கைதாகி விடுதலையானோரும் இக்கணக்கில் அடங்குவர்.

பதிவின் விலை யாது என்பதை அளந்து காட்டியவர் சமூகவியலாளர் டெவா பேஜர். 2001இல் மில்வோக்கி நகரில் 350 தொழில்தருநரிடம் அவர் இளைஞர் நால்வரை விண்ணப்பதாரராக அனுப்பினார். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர். ஒத்த கல்வியும் தோற்றமும் உடைய அவர்கள், குற்றப் பதிவு உடையவராக மாறி மாறி நடித்தனர். 2003இல் வெளியான முடிவின்படி, பதிவற்ற வெள்ளையரை 34 வீதமானோர் மீண்டும் அழைத்தனர். பதிவுடைய வெள்ளையரை 17 வீதமானோர். பதிவற்ற கறுப்பரை 14 வீதமானோர். பதிவுடைய கறுப்பரை 5 வீதமானோர். மூன்றாவது எண்ணை வாசகர் சற்று நின்று நோக்கவேண்டும். குற்றமே புரியாத கறுப்பர், சிறைசென்று மீண்ட வெள்ளையரிலும் குறைவாகவே அழைக்கப்பட்டனர். பதிவை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்போருக்கு அவ்வெண் ஓர் எச்சரிக்கையாகும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. மிச்சிக்கன் மாநிலம் 1965இலேயே குற்றத்தீர்ப்பை ஒதுக்கிவைக்கும் சட்டமொன்றை இயற்றியிருந்தது. ஆனால் அதனைப் பெற விண்ணப்பதாரர் தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதியைத் தேடிப் பெறவேண்டும், கைவிரல் அடையாளம் கொடுக்கவேண்டும், கட்டணம் செலுத்தவேண்டும், வழக்குத்தொடுநருக்கும் சட்டமா அதிபருக்கும் பிரதிகள் அனுப்பவேண்டும், பின்னர் தன்னைக் குற்றவாளியாக்கிய அதே நீதிமன்றின் முன் மீண்டும் சென்று நிற்கவேண்டும். பேராசிரியர்கள் பிரெஸ்கொற், ஸ்ரார் ஆகிய இருவரும் 2020இல் ஹார்வார்ட் சட்டச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, இதன் விளைவைத் தெளிவாக்கியது. தகுதி பெற்றோருள் ஐந்தாண்டுக்குள் இப்பரிகாரத்தைப் பெற்றோர் 6.5 வீதத்தினரே. பெற்றவர்களின் ஊதியமோ ஓராண்டுக்குள், முன்னர் சென்றுகொண்டிருந்த போக்கோடு ஒப்பிடுகையில், சராசரி 22 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்கள் மீண்டும் குற்றம் புரிந்த வீதம் பொதுமக்களோடு ஒப்பிடினும் தாழ்ந்திருந்தது. விண்ணப்பிக்கும் முனைப்புடையோரே இதில் அடங்குவர் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் நூற்றுக்கு தொண்ணூற்று மூவரை எட்டாத சட்டத்தை, சட்டத்தரணியை அமர்த்த வசதியுள்ளோரின் சட்டம் என்று சொல்வது மிகையாகாது.

இங்குதான் 2018ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகின்றது. அவ்வாண்டு யூன் 28இல் பென்சில்வேனியா ஆளுநர் ரொம் வூல்ஃப் கைச்சாத்திட்ட சட்டம், விண்ணப்பமின்றியே பதிவை முத்திரையிட ஏற்பாடு செய்தது. சட்டசபையில் அதனை முன்னின்று நடத்தியோர் ஜனநாயகக் கட்சியின் ஜோர்டன் ஹரிஸ், குடியரசுக் கட்சியின் ஷெரில் டெலோசியர் ஆகிய இருவர். மற்றெதிலும் ஒன்றுபடாத இரு கட்சிகள் இதில் ஒன்றுபட்டன. ஒரு சாரார் இதனை நீதியாகவும் மறுசாரார் தொழிலாளர் பற்றாக்குறைக்கும் அரச செலவுக்கும் மருந்தாகவும் கண்டனர் போலும். குற்றத்தீர்ப்பில் முடியாத வழக்குகளும், பத்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தவரின் சில சிறு குற்றங்களும் கணனியாலேயே தெரிந்தெடுக்கப்பட்டன. 2019 யூனில் வேலை தொடங்கி ஓராண்டுக்குள் 3 கோடிக்கு மேற்பட்ட வழக்குப் பதிவுகள் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீங்கின. நினைவை இயந்திரமாக்கிய அரசு மறதியையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தது எனலாம். தொடக்கத்தில் நீதிமன்றக் கட்டணமும் தண்டப்பணமும் முற்றாகச் செலுத்தியோருக்கே இது கிடைத்தது. சில நூறு டொலர் நிலுவையால் பலர் வெளியே நின்றனர். 2020இன் திருத்தம் பாதிக்கப்பட்டோருக்குரிய இழப்பீட்டை மட்டும் நிபந்தனையாக வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுக்கொடுத்தது. யூற்றா, நியூ ஜேர்சி, கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2019இலும், மிச்சிக்கன் 2020இலும் இவ்வழியிற் சட்டம் செய்தன.

எதிர்ப்போர் கூற்றையும் ஒதுக்கலாகாது. பாதிக்கப்பட்டவருக்கு முத்திரையிடும் இயந்திரம் இல்லை. அவர் நினைவு அவரோடேயே இருக்கும். சிறுவரையோ முதியோரையோ பராமரிக்கும் தொழிலுக்கு ஒருவரை அமர்த்துபவர் அவரது முன்வரலாற்றை அறிய விரும்புதல் குற்றமாகாது. இதனாலேயே பாலியற் குற்றங்களும் பாரிய வன்முறைக் குற்றங்களும் பெரும்பாலும் இச்சட்டங்களுக்குப் புறம்பாக நிற்கின்றன. பொலிசாரும் வழக்குத்தொடுநரும் மூடிய கோவையைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் நீடிக்கின்றது.

முத்திரையின் வலுவுக்கும் எல்லையுண்டு. கனெற்றிக்கட் மாநிலச் சட்டம், வழக்குக் கைவிடப்பட்டவரை ஒருபோதும் கைதுசெய்யப்படாதவராகக் கொள்ளவேண்டும் என்று கூறுகின்றது. 2010இல் கைதாகிப் பின்னர் வழக்குக் கைவிடப்பட்ட பெண்மணி ஒருவர், தமது கைது பற்றிய பழைய செய்தியைப் பத்திரிகைகள் இணையத்தில் வைத்திருப்பது பொய்யாகிவிட்டது என்று வாதிட்டார். 2015இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. சட்டம் அவருக்கும் மாநிலத்துக்கும் இடையில் ஒரு புனைவை நிறுவலாம். நிகழ்ந்ததை நிகழாததாக்க அதனால் இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குடிவரவுச் சட்டமோ இன்னும் இறுக்கமானது. மாநிலம் அழித்த குற்றத்தீர்ப்பு நாடுகடத்தும் நோக்கத்துக்கு நிலைத்தே இருக்கும் என்று 1999இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை தீர்மானித்தது. பிறநாட்டிற் பிறந்து அங்கு வாழ்வோருள் நம்மவரும் உளர். மாநில நீதிமன்றம் தந்த கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு, தம் பதிவு அழிந்ததென்று நம்பியிருப்போருக்கு இவ்விதி பேரிடியாகும்.

வரலாற்று மாணவருக்குரிய அச்சமொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எளிய மக்களின் வாழ்வை நாம் அறிவதற்கு எஞ்சியிருக்கும் சான்றுகளுள் நீதிமன்றக் கோவைகள் முதன்மையானவை. அரசர் கல்லில் எழுதினர். ஏழைகள் பெரும்பாலும் வழக்கேட்டிலேயே எழுதப்பட்டனர். ஆகவே அழித்தலுக்கும் முத்திரையிடலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நமக்கு வெறும் சட்ட நுணுக்கமன்று. தாளைக் கிழிப்பதை நாம் எதிர்க்கலாம். தாளுக்குரியவர் வாழுங்காலத்தில் அது பூட்டியிருப்பதை எதிர்ப்பதற்கு நியாயம் காணவில்லை. பென்சில்வேனியாவும் பின்வந்த சில மாநிலங்களும் பூட்டையே தெரிந்தெடுத்தன.

நியூயோர்க் மாநிலமும் அவ்வாறே செய்தது. ஆளுநர் கதி ஹோக்குல் 2023 நவம்பர் 16இல் கைச்சாத்திட்ட சட்டம், ஓராண்டின் பின் நடைமுறைக்கு வந்தது. சிறு குற்றங்களுக்கு மூன்றாண்டும் பெருங்குற்றங்கள் பலவற்றுக்கு எட்டாண்டும் தவணையாக வகுக்கப்பட்டன. கைவிரல் அடையாளத்தை 1903இலேயே தன் சிறைகளிற் புகுத்திய அம்மாநிலத்தில், குவிந்து கிடக்கும் பழைய பதிவுகளைத் தேடித் தெரிந்து மூடுவதற்கு நீதிமன்ற நிருவாகத்துக்கு 2027 நவம்பர்வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.